அப்பா மூளை சுருங்கிடுச்சாம், பயப்படணுமா டாக்டர்?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயசு டாக்டர். போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருன்னு எம்ஆர்ஐ எடுத்தோம். அடி ஒண்ணும் இல்ல, ஆனா ரிப்போர்ட்ல 'ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரோஃபி', அப்புறம் வெள்ளைப் புள்ளி சிலது இருக்குன்னு போட்டிருக்கு. கூகுள்ல தேடினா டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு வருது, ராத்திரி தூக்கமே இல்ல. அவரு என்னடான்னா வட்டிக் கணக்கெல்லாம் மனசுலயே போடுறாரு.
- வாசகி, கும்பகோணம்

பதில்: அட்ரோஃபின்னா சுருக்கம், அதப் பாத்து பயந்துட்டீங்க, அதுக்கு முன்னாடி இருக்குற 'ஏஜ் ரிலேட்டட்'ட விட்டுட்டீங்களேம்மா! வயசுக்கு ஏத்த சுருக்கம்தான்னு எழுதியிருக்காங்க.

ரிப்போர்ட் கூட ஃபிலிம் குடுத்திருப்பாங்கல்ல, அத ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. மூளையச் சுத்தி தண்ணி வெள்ளையா தெரியிற படம் ஒண்ணு இருக்கும், டி2ன்னு சொல்லுவோம். இருபத்தஞ்சு வயசுக்காரங்க படத்துல மடிப்புக்கு நடுவுல இருக்குற பள்ளம் நூல் மாதிரி இருக்கும், மண்டை ஓட்டுக்குள்ள மூளை நெருக்கியடிச்சு நிக்கும். எழுபதுல அந்த நூலெல்லாம் வாய்க்கால் மாதிரி அகலமாயிடும், நடுவுல இருக்குற தண்ணி அறையும் கொஞ்சம் பெருத்துடும்.

2022ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கருவுல இருக்குற குழந்தையில இருந்து நூறு வயசு வரைக்கும் லட்சம் பேருக்கு மேல ஸ்கேன சேத்து வரைபடம் போட்டாங்க. அதுல நரம்பு செல் நிறைஞ்ச சாம்பல் நிறப் பகுதியோட அளவு உச்சத்துக்குப் போறது கிட்டத்தட்ட 6 வயசுலயே, அதாவது ஒண்ணாங்கிளாஸ் பையன் ஏற்கனவே உச்சத்துல உக்காந்திருக்கான், அங்கேருந்து இறக்கம்தான்! நரம்பு இழை ஓடுற வெள்ளைப் பகுதி மட்டும் 29 வயசு வாக்குல உச்சம். தண்ணி அறை ரெண்டு வயசு வரைக்கும் வளரும், அதுக்கப்புறம் 30 வரைக்கும் பெருசா மாறாது, அப்புறம் மெல்ல மெல்ல, ஐம்பதுக்கு மேல வேகமா பெருக்கும்.

வெள்ளைப் புள்ளி நுண் ரத்தக்குழாய் சமாச்சாரம், அறுபது தாண்டினவங்களுக்கு சகஜம். பிரஷர், சுகர், சிகரெட் இருந்தா கூடும். புள்ளியெல்லாம் ஒண்ணு சேந்து திட்டு திட்டா ஆனாத்தான் நாங்க முகம் சுளிப்போம். ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் மத்த இடத்த விட அதிகமா சுருங்கியிருக்கான்னும் பாப்போம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குறது, பழகின தெருவுல வழி தவறுறது இதெல்லாம் இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க.

என்னக் கேட்டா, ஸ்கேன விட அவரு ஏன் விழுந்தாருன்னுதான் யோசிக்கணும். எழுந்து நிக்கும்போது பிரஷர் இறங்குதா, கண்ணாடி பவர் சரியா இருக்கா, பாத்ரூம்ல பிடிச்சுக்க கைப்பிடி இருக்கா?

கேள்வி: 5 மாசக் குழந்தைக்கு ஃபிட்ஸ் வந்து எம்ஆர்ஐ எடுத்தோம். 'மயலினேஷன் வயசுக்கு ஏத்தபடி'ன்னு இருக்கு. அப்படின்னா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: நல்ல சேதிதான். நரம்பு மேல கொழுப்பு உறை ஏறுறதுதான் மயலினேஷன். பொறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் ஏறியிருக்காது, அதனால எம்ஆர்ஐல டி1ன்னு சொல்ற ஒரு வகைப் படத்துல நமக்கு வெளுப்பா தெரியிற பகுதி அவங்களுக்கு கருப்பா, அப்படியே தலைகீழா இருக்கும். உறை கீழ இருந்து மேல, பின்னால இருந்து முன்னால ஏறும், டி1ல ஒரு வயசு வாக்குல பெரியவங்க மாதிரி ஆயிடும், டி2ல ரெண்டு வயசு ஆகும். 5 மாசத்துல பாதிக் கிணறு தாண்டினதுதான் சரியான கணக்கு. ஆனா எம்ஆர்ஐ நல்லா இருக்குன்னு ஃபிட்ஸ விட்டுடாதீங்க, மூளையோட மின் அலையப் பதிவு பண்ற இஇஜி எடுத்தாச்சான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, மாத்திரையோ சிரப்போ குடுத்திருந்தா நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.