வறட்சியைத் தாங்கும் வேர்ச்செடி எது? எலுமிச்சை, சாத்துக்குடி வளர்ப்போர் கேள்விகள்

கேள்வி (காங்கேயம்): மேட்டாங்காட்டில் ஓர் ஏக்கர் சாத்துக்குடி வைக்க எண்ணியுள்ளோம். சித்திரை, வைகாசியில் போர்த் தண்ணீர் ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஒட்டுச்செடி என்றால் வறட்சியைத் தாங்கும் என்கிறார்களே?

பதில்: ஒட்டுக் கட்டியது என்பதற்காக மட்டும் எந்த மரமும் வறட்சியைத் தாங்கிவிடாது; ஒட்டுக்குக் கீழே வேராக நிற்கும் இனம், அதாவது வேர்ச்செடி, எது என்பதைத்தான் கேட்க வேண்டும். மேலே இருப்பது ஒரே சாத்துக்குடியானாலும், ரங்பூர் எலுமிச்சையின் வேரிலோ ஜம்பேரி என்னும் காட்டு எலுமிச்சையின் வேரிலோ நிற்கும் மரம் ஆழமாகவும் அகலமாகவும் வேரோடி அடிமண்ணின் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். மூவிலை ஆரஞ்சு என்னும் இன்னொரு வேர்ச்செடியின் வேர் மேல்மண்ணிலேயே நெருக்கமாகப் படர்வதால், மேல்மண் காய்ந்தவுடன் மரமும் வாடத் தொடங்கும். ஆழம் மட்டுமே காரணமன்று. மண் காயும்போது மரத்தில் அப்சிசிக் அமிலம் என்னும் ஊக்கி பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்து நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. அது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதும் வேர்ச்செடிக்கு வேர்ச்செடி மாறுபடுகிறது.

ஜம்பேரியில் ஒரு குறை உண்டு. மரம் செழித்து வளரும், காயும் பருக்கும், ஆனால் சாற்றில் இனிப்புக் குறையும். எலுமிச்சைக்கு அது பெரிய குறையில்லை; சாத்துக்குடிக்குக் குறைதான். ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை ரங்பூர். (வங்கதேசத்தில் மழைக்குப் பஞ்சமில்லாத ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய எலுமிச்சை, மழையில்லாக் காட்டுக்கு உதவுவது வேடிக்கைதான்.)

செடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், காட்டில் நான்கைந்து இடங்களில் ஆள் மட்டத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். இரண்டு முழத்தில் சுக்கான் பாறை தட்டினால், ஆழம் போகும் வேருக்குப் போக வழியில்லை. ரங்பூருக்குத் தரும் கூடுதல் விலை வீண். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: வேர்ச்செடி மரத்தின் உயிரைக் காக்கும்; ஆனால் அந்த ஆண்டின் காய்ப்பையும் காக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தென்னைக்கே லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிய ஊர்கள் இவை.

கேள்வி (தாராபுரம்): எங்கள் எலுமிச்சையில் இலை நுனி கருகுகிறது. இது வறட்சியா, உப்புத் தண்ணீரா?

பதில்: நண்பகலில் இலை சுருண்டு, மாலையில் விரிந்துவிட்டால் அது தண்ணீர்த் தாகம். நுனியிலிருந்து ஓரம் நெடுகக் கருகி, மாலையிலும் அப்படியே நின்றால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். போர் கீழே போகப் போக இரண்டும் சேர்ந்தே வருவதால், முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ரங்பூரும், கிளியோபாட்ரா மாண்டரின் என்னும் வேர்ச்செடியும் உப்பிலுள்ள குளோரைடை இலைக்கு ஏறவிடாமல் பெருமளவு தடுப்பவை. மூவிலை ஆரஞ்சுக்கு அந்தத் திறன் குறைவு, சுண்ணாம்பு மண்ணிலும் அதற்கு இரும்புச்சத்துக் குறைந்து இலை மஞ்சளாகும்.

கேள்வி (பல்லடம்): வீட்டிலிருக்கும் நாரத்தையின் விதையை முளைக்கவிட்டு, அதில் சாத்துக்குடி மொட்டுக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். நம் பக்கம் நாரத்தை என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் வழங்குகின்றன. அது கசப்பு ஆரஞ்சு வகையாக இருந்தால், அசுவினி பரப்பும் டிரிஸ்டெசா நச்சுயிரி வரும்போது மேலேயுள்ள சாத்துக்குடி பட்டுப்போகும். பிரேசிலில் 1940-களில் இலட்சக்கணக்கான மரங்கள் அப்படித்தான் அழிந்தன. அங்குள்ளவர்கள் ரங்பூருக்கு மாறி, பாசனமின்றியே தோப்புகளை நடத்தினார்கள். பிறகு 2000-ஐ ஒட்டி ரங்பூர் வேரில் நின்ற மரங்களைத் திடீர்ச் சாவு என்னும் நோய் பிடித்தது. ரங்பூரைப் பரிந்துரைக்கும் நானே, தோப்பு முழுவதையும் ஒரே வேர்ச்செடியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி (பெருந்துறை): கன்று வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: எல்லோரும் மேலே தழைத்திருக்கும் இலையைப் பார்க்கிறார்கள், பையின் அடியைப் பாருங்கள். என் தோட்டத்தில் ஐந்தாம் ஆண்டுக் கோடையில் காய்ந்த ஒரு மரத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தபோது, ஆணிவேர் பையின் வடிவிலேயே மூன்று சுற்றுச் சுருண்டு, கயிற்றுப் பிரிமனை போல் கிடந்தது. அது ரங்பூர் வேர்தான். ஆனால் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அது இறங்கவே இல்லை. பையில் வெகுநாள் கிடந்த கன்று எவ்வளவு உயரமாக இருந்தாலும் வாங்காதீர்கள். பொறுமையுள்ளவர்கள் ரங்பூர் நாற்றைக் குழியிலேயே வளர்த்து, தண்டு பென்சில் கனம் வந்ததும் அங்கேயே மொட்டுக் கட்டலாம். ஆணிவேர் சேதமில்லாமல் இறங்கும். மொட்டு தரையிலிருந்து ஒரு சாணாவது மேலே இருக்கட்டும். ஒட்டு மண்ணுக்குள் புதைந்தால் அடித்தண்டு அழுகல் பிடிக்கும். சொட்டுநீர்க் குழாயும் தண்டை ஒட்டி வேண்டாம், கிளை விரிவின் ஓரத்தில் சொட்டட்டும்.

கேள்வி (உடுமலை): ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு கிளை, கோடையிலும் பச்சையாக, மற்ற கிளைகளைவிட வேகமாக வளர்கிறது. விடலாமா?

பதில்: அது வேர்ச்செடியின் போத்து. விட்டால் மேலேயுள்ள ஒட்டை ஒடுக்கிவிடும். இளசாக இருக்கும்போதே கத்தி போடாமல் அடியோடு கையால் பிய்த்து எடுங்கள். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.