கோடக்குக்குத் தெரிந்திருந்தது

அன்புள்ள ஐயா,

நான் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி. வாரம் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு கேஸ் ஸ்டடி எழுதச் சொல்கிறார்கள். போன வாரம் அமெரிக்க ஃபிலிம் கம்பெனியான கோடக். 'மாற்றத்தைப் பார்க்க மறுத்த ஆணவமே வீழ்ச்சிக்குக் காரணம்' என்று எழுதி, பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் கொண்ட ஸ்வாட் அட்டவணையும் போட்டேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் இப்படி எழுதிப் பழகினால் நாளை ஒரு கம்பெனியில் உட்கார்ந்து நிஜமாகவே முடிவெடுக்க முடியுமா என்று சந்தேகமாக இருக்கிறது. கேஸ் ஸ்டடியை எப்படி அணுகுவது? தமிழில் இதற்கு நல்ல நூல்கள் உண்டா? என் கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கட்டுரையைப் படித்தேன். வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன. எழுதி முடித்தபின் ஒரு சந்தேகமும் வந்திருக்கிறது, அது அதைவிட நல்ல விஷயம். ஆனால் எட்டுப் பக்கத்தில் ஒரு தொகைகூட இல்லையே அம்மா! ஒரு கம்பெனி நொடித்த கதையைப் பணத்தைப் பற்றிப் பேசாமலே எழுதி, ஆணவம், தொலைநோக்கு என்று புராணப் பிரசங்கம் மாதிரி முடித்திருக்கிறீர்கள். இதற்கு மதிப்பெண் போட்டவரையும் சேர்த்துத்தான் திட்டவேண்டும்.

ஸ்வாட் கட்டங்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டால் போட்டுக் கொடுங்கள். தமிழ் நூல்களைப் பற்றி இன்னொரு நாள்.

கோடக் என்றதும் கை பரபரத்தது. சமீபகாலமாக எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சைக் கேட்டாலும் கோடக் வந்துவிடுகிறது. 1975இல் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியாளர் அங்கேயே டிஜிட்டல் கேமராவைச் செய்தார், மேலதிகாரிகள் மூடி வைத்தார்கள், 2012இல் கம்பெனி திவாலானது. கைதட்டல். நடுவில் இருக்கும் முப்பத்தாறு வருடம் எங்கே போனது?

சாஸன் செய்த கருவியின் எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 வினாடி. படத்தில் மொத்தமே பத்தாயிரம் புள்ளிகள். அதைக் கடையில் வைத்திருந்தால் அன்று யார் வாங்கியிருப்பார்? ஆனாலும் கோடக் சும்மா இருக்கவில்லை. அங்கே வேலைபார்த்த பிரைஸ் பேயர் வகுத்து, 1976இல் காப்புரிமை பெற்ற, டிஜிட்டல் படத்துக்கு நிறம் தரும் வண்ண வடிகட்டி அமைப்பு, அநேகமாக உங்கள் கைபேசிக் கேமராவுக்குள்ளும் இருக்கிறது. 1981இல் வின்சென்ட் பராபா தலைமையில் கம்பெனிக்குள்ளேயே ஓர் ஆய்வு நடந்தது. ஃபிலிமின் இடத்தை டிஜிட்டல் பிடிக்கும், தயாராவதற்குப் பத்து வருடம் போல அவகாசம் இருக்கிறது என்றது அது. 1991இல் நிக்கான் கேமராவை அடிப்படையாக வைத்து, தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கான டிஜிட்டல் கேமராவை விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். 2005இல் அமெரிக்காவின் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடக்தான் முதலிடம். இவர்களா பார்க்க மறுத்தவர்கள்?

கணக்குதான் இடித்தது. ரோல் விற்றால் காசு. அதைக் கழுவும் ரசாயனத்தில் காசு. பிரிண்ட் போடும் தாளில் காசு. ஒரே குழந்தையின் காதுகுத்துக்கு மூன்று முறை கல்லா நிறையும், அடுத்த விசேஷத்துக்கு மறுபடியும். டிஜிட்டல் கேமராவை ஒரு தடவை விற்றால் அதோடு சரி. அந்த விற்பனையிலும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளோடு விலையில் மல்லுக்கட்ட வேண்டும். நல்ல வருமானத்தை நம் கையாலேயே கொன்றுவிட்டு அற்ப வருமானத்துக்கு மாறுவோம் என்று பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

என் சித்தப்பா ஒரு சிற்றூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவரிடம், "ரோல் இன்னும் முடியல, வெள்ளிக்கிழமை வாங்க" என்பார். மிச்சமிருக்கும் ஏழெட்டுப் படங்களை வீணாக்கிவிட்டு ரோலைக் கழுவ மனம் வராது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் டிஜிட்டல் கேமராவைக் காட்டியபோது வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம தொழிலு முடிஞ்சுதுடா" என்றார். மறுநாள் காலை, தை முகூர்த்தங்களுக்கு ரோல் வாங்க டவுன் பஸ் ஏறினார். வேறென்ன செய்வார்? முன்பணம் கொடுத்த கல்யாண வீட்டார் நெகட்டிவைக் கையில் கேட்பார்கள். கேமரா வாங்கிய கடன் வேறு நின்றது. பிற்பாடு ஸ்டுடியோவின் முன்னறையில் ஜெராக்ஸ் மிஷின் வந்தது, பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. உங்கள் கட்டுரையின் தலைப்பை அந்த மனிதரிடம் வாசித்துக் காட்டிப் பாருங்கள். ஆணவமாம்!

மற்ற ஃபிலிம் கம்பெனிகளையும் பாருங்கள். போலராய்ட் 2001இல் திவால். அக்ஃபா போட்டோ 2005இல். நம் ஊர்க் கலர் லேப் பலகைகளில் பெயர் தொங்கிய கோனிகா (உங்கள் வயதுக்கு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்) 2006இல், கேமராவும் வேண்டாம் ஃபிலிமும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆணவம் தொற்றியதா?

ஜப்பானின் ஃபிலிம் கம்பெனி ஃபியூஜி பிழைத்ததே என்பீர்கள். 'ஃபியூஜி மாற்றத்தை ஏற்றுக்கொண்டது' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எதை வைத்து மாறியது? ஃபிலிமின் அடித்தகடு செய்த அதே கைத்திறனில் எல்சிடி திரைகளுக்கான மென்படலம் செய்தது. ஃபிலிமுக்காகக் கொலாஜன் என்ற (நம் தோலிலும் இருக்கும்) புரதத்தோடு பழகிய அனுபவத்தில், 2007இல் ஆஸ்டாலிஃப்ட் என்று முகத்துக்குப் பூசும் கிரீம் விற்றது. எல்லாம் வேதியியல். அது கோடக்கிடமும் இருந்தது. ஃபிலிமுக்கான ரசாயனங்களுக்காகவே 1920இல் அமெரிக்காவின் டென்னசியில் கோடக் தொடங்கிய ஈஸ்ட்மன் கெமிக்கல்! 1988இல் ஸ்டெர்லிங் டிரக் என்ற மருந்துக் கம்பெனியை 510 கோடி டாலருக்கு வாங்கிக் கடனில் மாட்டிய கோடக், அந்தச் சுமையைக் குறைக்க 1993 முடிவில் ரசாயனப் பிரிவைத் தனிக் கம்பெனியாகக் கழற்றிவிட்டது. அந்த ரசாயனக் கம்பெனி இன்றும் நடக்கிறது.

நீங்கள் எழுதவேண்டிய கேஸ் ஸ்டடி இதுதான். ஹார்வர்டில் பல கேஸ்கள், முடிவெடுக்கவேண்டிய நாளோடு நின்றுவிடும். அப்புறம் நடந்தது தனித் தாளில், விவாதமெல்லாம் முடிந்த பிறகு கைக்கு வரும். நம் வகுப்புகளில் கடைசிப் பக்கத்தை முதலில் கொடுத்துவிட்டுக் காரணம் தேடச் சொல்கிறார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்?

ஆகவே 1993க்குப் போய் உட்காருங்கள். 2012 உங்களுக்குத் தெரியாது. கடன் நெருக்குகிறது. ஃபிலிம்தான் சோறு போடுகிறது. ரசாயனத் தொழிலில் லாபம் ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். எதையாவது கைவிட்டாகவேண்டும். எதை? அன்று அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் ரசாயனத்தைத்தான் விட்டிருப்பார்கள் என்பது என் கட்சி. மறுக்கலாம். அந்த வருடத்து ஆண்டறிக்கையைத் தேடி எடுத்து, இரண்டே பக்கத்தில், தொகைகளோடு எழுதி அனுப்புங்கள். ஆணவம் என்ற சொல் கண்ணில் பட்டால் அதற்குமேல் படிக்கமாட்டேன்.