நினைவு தப்பியபின் பவர் பத்திரம் உதவுமா?

கேள்வி: எனக்கு 68 வயது. என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரங்கள் நினைவின்றி வென்டிலேட்டரில் இருந்து காலமானார். அந்த நிலை எனக்கு வர வேண்டாம். மூத்த மகன் துபாயில் இருக்கிறான். இளையவன் மதுரையில் என்னுடன் இருக்கிறான். மூத்தவன் பெயரில் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நினைவு தப்பினால் அது போதுமா?

பதில்: போதாது, அம்மா. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அவர் கொடுத்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. ஆகவே எந்த நேரத்துக்காக அந்தப் பத்திரத்தை நம்பியிருக்கிறீர்களோ, அந்த நேரத்தில் அது கைகொடுக்காது.

உங்களுக்குத் தேவையானது வேறோர் ஆவணம். கண்ணியத்துடன் இறப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தபோது, சிகிச்சை குறித்த விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. அதை ‘மருத்துவ உயில்’ என்று பலரும் சொல்கிறார்கள். அதில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பமும் வேண்டும் என்றிருந்த நிபந்தனையை 2023 ஜனவரியில் நீதிமன்றமே நீக்கிவிட்டது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில், கூடுமானவரை குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்கள் முன்னிலையில், கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் பெற்றால் போதும்.

என்ன எழுதுவது என்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘வென்டிலேட்டர் வேண்டாம்’ என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். நிமோனியாவுக்காக நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து நலமாக வீடு திரும்புகிறவர்களும் உண்டு. அந்த வாய்ப்பை நீங்களே அடைத்துவிடக் கூடாது. குணமடையும் நம்பிக்கை இல்லை என்று மருத்துவர்கள் முடிவுசெய்யும் நிலையில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தனித்தனியாக எழுதுங்கள்: செயற்கைச் சுவாசம், டயாலிசிஸ், இதயம் நின்றபின் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சி, குழாய் வழி உணவு. தெளிவற்ற ஆவணத்தை மருத்துவக் குழு ஏற்காமல் விடலாம். வலி நீக்கும் மருந்தும் ஆதரவுச் சிகிச்சையும் கடைசிவரை வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். கருவிகளை மறுப்பவருக்குப் பராமரிப்பே கிடைக்காதோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது, அது தேவையற்றது.

உங்கள் சார்பில் முடிவெடுப்போராக ஒருவருக்கு மேற்பட்டோரையும் அதில் குறிப்பிடலாம். இரு மகன்களையும் எழுதுங்கள். ஆனால் கையெழுத்திடும் முன் இருவரையும் ஒன்றாக வைத்துப் பேசுங்கள், மூத்தவர் தொலைபேசியிலாவது உடனிருக்கட்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். ஆவணமே இல்லாவிட்டாலும் குடும்பத்தாரின் சம்மதத்துடன் சிகிச்சையை நிறுத்த வழியுண்டு. ஆனால் அப்போது ‘அம்மா இதைத்தான் விரும்பியிருப்பாரா?’ என்ற கேள்வியைப் பிள்ளைகள் காலமெல்லாம் சுமப்பார்கள்.

நடைமுறையில், சிகிச்சையளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு, கூடுமானவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்லும். மாவட்ட அளவில் நியமிக்கப்படும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு அதை உறுதிசெய்த பிறகே, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டு, கருவிகள் விலக்கப்படும். அவசரத்தில் யாரும் தன்னிச்சையாகச் செய்துவிட முடியாது.

நகல்களை மகன்களிடமும் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமும் கொடுங்கள். மாநகராட்சியில் இதற்குப் பொறுப்பான அலுவலர் யார் என்று கேட்டு அவரிடமும் ஒன்றைச் சேர்ப்பியுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்துசெய்யலாம். ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும் என்பதால், அப்போது பழைய நகல்களை எல்லோரிடமிருந்தும் மறவாமல் திரும்பப் பெற்றுவிடுங்கள்.