மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம்: கான்சர்ட் பேண்ட் இசைக்கு இது சரிப்படுமா?

பெரிதாகச் சரிப்படாது. மேஜர், மைனர் என்பவை மேற்கத்திய இசையின் இரண்டு முக்கிய ஸ்வர வரிசைகள். நான் மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கம், ஒரு கான்சர்ட் பேண்டில், அதாவது ஊதுவாத்தியங்களும் தாள வாத்தியங்களும் சேர்ந்து மேடையில் வாசிக்கும் குழுவில், யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறேன். வீட்டில் கேட்டு வளர்ந்தது கோவில் நாதஸ்வரம், அதனால் பதிலில் இரண்டும் கலந்துதான் வரும். ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1909-இல் ராணுவ பேண்டுக்கு எழுதிய ஈ ஃபிளாட் முதல் சூட்டை (சில பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு) வைத்துச் சொல்கிறேன். மூன்று பகுதி, மொத்தம் பத்து நிமிடம் போல வரும்.

முதலில் சுருதி. ஈ ஃபிளாட் என்றால் நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. மேஜர், ஆகவே சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள். இந்தச் சுருதிக்கே ஒரு கம்பீரம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. விஷயம் விரலில் இருக்கிறது. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது தாளில் சி என்று படித்து ஊதினால் பி ஃபிளாட்தான் ஒலிக்கும். பேண்ட் ஈ ஃபிளாட்டில் ஒலிக்கும்போது அவர்கள் தாளில் இருப்பது எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி). ஈ ஃபிளாட் வாத்தியமான ஆல்டோ சாக்ஸபோன்காரருக்கு வெறும் சி மேஜர். இதையே வயலின்காரர்களுக்குப் பிடித்த டி மேஜரில் எழுதினால் கிளாரினெட்டுக்கு நாலு ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி), ஆல்டோவுக்கு ஐந்து. ஒத்திகை அன்றே பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். ஹோல்ஸ்ட் டிராம்போன் வாசித்துச் சம்பாதித்தவர், அவருக்கு இது தெரியாதா என்ன!

மனநிலைக்கு வருவோம். முதல் பகுதியில் ட்யூபாவும் யூஃபோனியமும் எட்டு பார் (தாளச் சுற்று) மெட்டு ஒன்றை அடியில் தொடங்குகின்றன. முதல் மூன்று ஸ்வரம் ஸ, ரி, த. அந்த மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, மேலே மற்றவர்கள் புதிது புதிதாக ஏதாவது செய்கிறார்கள். நடுவில் ஓரிடத்தில் மெட்டையே கவிழ்த்துப் போடுகிறார்: ஏறிய இடமெல்லாம் இறங்குகிறது, வாத்தியங்கள் குறைகின்றன, மைனர் நிழல் விழுகிறது. நாங்கள் எண்ணுவது அதே மூன்று எண்ணிக்கைதான், ஆனால் கூடமே இருண்ட மாதிரி இருக்கும். அங்கே சோகத்தைக் கொண்டுவருவது மைனர் மட்டும் இல்லை, ஆள் குறைந்ததும்தான்.

இரண்டாம் பகுதி அசல் சி மைனர். ஆனால் வேகக் குறிப்பு விவாச்சே, அதாவது துள்ளல். அடைப்பு போட்ட கார்னெட் (டிரம்பெட் போன்றது), கத்தரித்த மாதிரி குட்டைக் குட்டை ஸ்வரங்கள். எங்கள் மாமா கோவிலில் நாதஸ்வரம் வாசிப்பவர். இதைக் கேட்டுவிட்டு, "இதுல அழுகை எங்கேடா இருக்கு?" என்றார். அப்புறம் நடுவே கிளாரினெட் தனியாக ஒரு நீண்ட மெட்டு எடுக்கிறது. எஃப்பை சட்ஜமாக வைத்தால் நம் கரகரப்பிரியா ராகத்து ஸ்வரங்கள். அடிப்படைத் துடிப்பை மாற்றாதே என்றுதான் ஸ்கோர் சொல்கிறது, ஆனாலும் ஸ்வரங்கள் நீண்டுவிட்டதால் பாட்டே நிதானமாகிவிட்டது போலத் தோன்றும். வேகம் வேறு, வேகமாகத் தோன்றுவது வேறு.

கடைசிப் பகுதி மார்ச். தெருவில் நடக்கிற மார்ச்சுக்கு நிமிடத்துக்கு 116 முதல் 120 அடி வழக்கம், அது காலுக்கான கணக்கு. மேடையில் யாரும் நடப்பதில்லை, எதிரொலிக்கும் கூடத்தில் நடத்துனர் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார். இதில் எனக்கு மிகவும் பிடித்தது டிரையோ என்ற நடுப்பகுதி. அங்கே பாட்டு ஏ ஃபிளாட்டுக்குப் போகிறது, அதாவது மத்யமமே புது சட்ஜம். புன்னாகவராளி ராகத்தை மத்யம சுருதியில் பாடுகிற நமக்கு அந்தக் குழைவு புதிதில்லை. பெரும்பாலான மார்ச்சுகளில் இந்தத் தாவல் உண்டு, கவனித்துப் பாருங்கள். பிறகு மார்ச்சின் தொடக்க மெட்டையும் டிரையோ மெட்டையும் ஒன்றாகப் பின்னிவிடுகிறார்.

பதிவு தேடிக் கேட்டால் மூன்று பகுதியையும் நிறுத்தாமல் கேளுங்கள். எல்லாம் ஒரே சிறு மெட்டிலிருந்து பிறந்தவை என்பதால் இடைவெளி விடாமல் வாசிக்கும்படி ஹோல்ஸ்டே கேட்டுக்கொண்டிருக்கிறார்.