'ஃபன்னி பாய்' நாவலில் சேலை எதைக் குறிக்கிறது?

நாவலின் நாயகனான இலங்கைத் தமிழ்ச் சிறுவன் அர்ஜியின் பெண்மைக்கான குறியீடு என்று பலரும் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், ஷியாம் செல்வதுரையின் இந்த 1994ஆம் ஆண்டு நாவலில் பாதியைத் தவறவிட்டுவிடுவோம். என்னைக் கேட்டால், சேலையைவிட அவன் பாட்டி வீட்டு வளவில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் கோடுதான் பெரிய குறியீடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பாட்டி வீட்டில் கூடுகிறார்கள். முன்பக்கம் பையன்களுக்கு, அங்கே கிரிக்கெட். பின்வளவு பெண் பிள்ளைகளுக்கு. ஏழு வயது அர்ஜி பின்பக்கம்தான் இருப்பான். மணப்பெண் விளையாட்டில் எப்போதும் அவன்தான் மணப்பெண். பழைய வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டதும் தன்னைவிட அழகான வேறொரு ஆளாக மாறிவிட்டதாக உணர்கிறான். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரச் சிறுமி தனுஜா அந்த இடத்துக்குப் போட்டி போடுகிறாள், விஷயம் பெரியவர்கள் வரை போகிறது, பையன்களோடு போய் விளையாடு என்று விரட்டுகிறார்கள். அவன் மறுபடி பின்வளவுக்கு வரும்போது நடக்கும் இழுபறியில் சேலை கிழிகிறது. இனி முன்பக்கமும் அவனுடையது இல்லை, பின்பக்கமும் இல்லை. ஒரு விளையாட்டுச் சண்டைக்குள் இவ்வளவு பெரிய தனிமையை வைத்திருப்பது என்னை இன்றும் உலுக்குகிறது.

அப்புறம் அந்தக் கோடு அவனோடு சேர்ந்து வளர்கிறது. ராதா மாமி அனில் என்ற சிங்களவரோடு பழகுவதைப் பாட்டியால் தாங்க முடியவில்லை, தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தில் தன் தகப்பனைப் பறிகொடுத்தவர் அவர். பள்ளியில் சிங்கள வகுப்புக்குள் நுழையும் அர்ஜியை, உன் இடம் தமிழ் வகுப்பு என்று சக மாணவன் தடுக்கிறான். எதிர்காலம் கருதி அவனைச் சிங்கள வழியில் சேர்த்ததே அப்பாதான். அங்கே அவன் நேசிக்கும் ஷெஹானும் சிங்களப் பையன்.

1983இல் தமிழருக்கு எதிராக மீண்டும் வெடித்த கலவரத்தில் அவர்கள் வீடு எரிகிறது. 'நீ இந்தப் பக்கம் வராதே' என்று பிள்ளையிடம் சொன்ன குடும்பத்திடம் இப்போது ஊரே அதைச் சொல்கிறது. ஆணா பெண்ணா என்பதும் தமிழனா சிங்களவனா என்பதும் இந்த நாவலில் ஒரே கேள்வி என்று நான் நினைப்பது இதனால்தான்.

கடைசி அத்தியாயத்தைக் கவனமாகப் படியுங்கள். அதுவரை நினைவிலிருந்து நிதானமாகச் சொல்லப்பட்ட கதை, கலவரம் தொடங்கியதும் நாட்குறிப்பாக மாறிவிடுகிறது. நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாதவன் வேறு எப்படி எழுத முடியும்?