கலெக்டரிடம் நேரில் கொடுத்த மனு ஏன் மறுபடியும் வி.ஏ.ஓ.விடமே வருகிறது? அப்படியானால் உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். 'உள்ளே ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்' என்று பலரும் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். லஞ்சமும் சிபாரிசும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனு வி.ஏ.ஓ.விடம் திரும்பி வர அவை இரண்டும் தேவையே இல்லை. எல்லாரும் விதிப்படி நடந்தாலும் அது அங்கேதான் வந்து சேரும்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுக்கிறீர்கள். கலெக்டர் அதை வட்டாட்சியருக்கு அனுப்பச் சொல்கிறார். தாலுகா அலுவலகத்தில் அது தபாலாகப் பதிவாகிறது, ந.க. எண் என்கிற கோப்பு எண் விழுகிறது, ஓர் உதவியாளர் தன்னிடம் வந்த தபால்களைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டில் ஏறுகிறது. அவர் வருவாய் ஆய்வாளரிடம் அறிக்கை கேட்டுக் குறிப்பு வைக்கிறார். ஆய்வாளர் வி.ஏ.ஓ.விடம் கேட்கிறார். நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேடும், சாகுபடி விவரம் எழுதும் அடங்கலும் இருப்பது வி.ஏ.ஓ.விடம், நிலத்தைப் போய்ப் பார்க்க வேண்டியதும் அவர்தான். நீங்கள் அவர்மேலேயே புகார் சொல்லியிருந்தாலும் பல நேரம் பாதை மாறுவதில்லை.

இறங்கிய அதே படிகளில்தான் அறிக்கையும் மேலே ஏறும். ஏறும்போது ஒவ்வொருவரும் தனக்குக் கீழே எழுதியதை வைத்துத்தான் எழுதுவார். 'புலத்தணிக்கையில் மனுதாரர் அனுபவத்தில் நிலம் இல்லை', அதாவது நேரில் பார்த்ததில் நிலம் மனுதாரர் கைவசம் இல்லை என்று கீழ்மட்டத்தில் ஒரு வரி விழுந்துவிட்டால், அதை மறுப்பதற்கு மேலே இருப்பவரிடம் தனியாக ஆதாரம் வேண்டும். அவர் மேஜையிலோ கோப்புகள் கட்டுக்கட்டாகக் காத்திருக்கின்றன. ஆகவே அந்த வரியே ஆணையாகிவிடுகிறது. முதல் குறிப்பை எழுதுகிறவருக்கு இருக்கும் பலம் கொல்லைப்புற வழியாக வந்ததில்லை. அலுவலக நடைமுறையே அவர் கையில் கொடுத்திருக்கிறது.

'மேலே இருப்பவர் துணிந்து மாற்றி எழுதலாமே' என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் ஒழுங்கு நடவடிக்கை விதிகள் குறுக்கே நிற்கின்றன. பெரிய தண்டனைக்கு வழிவிடும் குற்றச்சாட்டு அந்த விதிகளில் 17 (பி). எங்கள் துறையில் '17 பி' என்ற சொல்லைக் கேட்டாலே தூக்கம் போய்விடும். அந்தக் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராது. பின்னால் வந்தவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கீழிருந்து வந்த அறிக்கையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்குத் தணிக்கை வந்தாலும் வழக்கு வந்தாலும் 'அறிக்கையின் அடிப்படையில்' என்று சொல்லிக்கொள்ளலாம். மாற்றி எழுதினால் அவர் ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். நல்ல அதிகாரிகள்கூட இதனால் கை கட்டி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

பதவிப் பெயர்களை வைத்தும் ஏமாறக்கூடாது. கலெக்டரின் நேர்முக உதவியாளர் (பொது) என்றால் ஏதோ கடிதம் தட்டச்சு செய்கிறவர் என்று வெளியே நினைக்கிறார்கள். அவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. கலெக்டர் அலுவலகத்தை அன்றாடம் நடத்துபவரே அவர்தான். இன்னொரு பக்கம், கலெக்டர் மாவட்டத்துக்கே தலைவர் என்றாலும் முதன்மைக் கல்வி அலுவலரின் மேலதிகாரிகள் சென்னையில் இருக்கிறார்கள். பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளருக்கு மேலே கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று தனி வரிசை உண்டு. கூட்டத்தில் கலெக்டர் கடிந்துகொள்ளலாம், அரசுக்கு எழுதலாம். அவர்களின் மாறுதலும் பதவி உயர்வும் அவர்கள் துறையின் கையில்.

வி.ஏ.ஓ. பதவியும் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1980 வரை கிராமக் கணக்கையும் வரி வசூலையும் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் பெரும்பாலும் பரம்பரையாக வந்தவை. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஒழித்து, தேர்வு எழுதி வருகிறவர்களை நியமித்தது. அதற்குப் பிறகுதான் கிராமக் கணக்கு வைத்திருப்பவரைச் சாதாரணமாக இடமாற்றம் செய்ய முடிந்தது. என்னைக் கேட்டால் எங்கள் துறையில் நடந்த பெரிய சீர்திருத்தம் அதுதான். ஆள் மாறினார், முதல் குறிப்பு எழுதும் இடம் மட்டும் கிராமத்திலேயே இருந்துவிட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மனுவும் மேல்முறையீடும் வேறு வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மனு கீழே இறங்கும். மேல்முறையீடு மேலே உள்ளவர் மேஜையிலேயே நிற்கும், ஏனென்றால் சட்டம் அவர் பெயரைச் சொல்லி முடிவெடுக்கச் சொல்கிறது. பட்டா விஷயத்தில் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி, வட்டாட்சியரின் ஆணைமேல் 12-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே 13-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. அவர்களும் அறிக்கை கேட்பார்கள்தான். ஆனால் இரு தரப்பையும் விசாரித்து, காரணம் காட்டித் தாங்களே ஆணை எழுத வேண்டும். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும். கலெக்டரைச் சுற்றிச் சுற்றி வந்து காலத்தை வீணாக்காதீர்கள்.

மேல்முறையீட்டுக்கு முன்னால், உங்களுக்கு வந்த பதில் கடிதத்தில் உள்ள ந.க. எண்ணைப் போட்டு, அந்தக் கோப்பின் குறிப்புப் பகுதி (அலுவலர்கள் தங்கள் கருத்தை எழுதும் பக்கங்கள்), வி.ஏ.ஓ. அறிக்கை, ஆய்வாளர் அறிக்கை மூன்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீடு போடலாம். அதை விசாரிப்பவர் பொதுத் தகவல் அலுவலரைவிடப் பதவியில் மூத்தவராக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நகல் கைக்கு வந்ததும், உங்களுக்கு எதிரான வரியை முதலில் எழுதியது யார், எந்தத் தேதியில், எந்தப் பதிவேட்டைப் பார்த்து என்று தேடுங்கள். கோட்டாட்சியரிடம் கொடுக்கும் மேல்முறையீட்டு மனுவில் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதை மறுக்கும் ஆவணத்தை அதோடு சேர்த்து வையுங்கள்.