எல்லாம் இருந்தும் சந்தோஷம் இல்லையே?

கேள்வி: எனக்கு 36 வயது. நல்ல கணவர், இரண்டு பிள்ளைகள், போன வருடம் சொந்த வீடும் கட்டிவிட்டோம். ஆனாலும் ராத்திரி படுக்கும்போது, ‘நான் சந்தோஷமாக இருக்கிறேனா?’ என்று கேட்டுக்கொண்டால் ‘ஆமாம்’ என்று வர மாட்டேன் என்கிறது. என்னிடம்தான் ஏதோ கோளாறா?
- வாசகி, கரூர்

பதில்: அப்படி நினைத்து மருகாதீர்கள், சகோதரி. தினமும் அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ சொல்லியே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வரலாற்றில் ரொம்பப் புதியது.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். லிடியா நாட்டு அரசன் குரோசஸ் பெரும் செல்வந்தன். ஏதென்ஸிலிருந்து வந்த அறிஞர் சோலோனுக்குக் கஜானாவைத் திறந்து காட்டிவிட்டு, ‘நீங்கள் பார்த்ததிலேயே பெரிய பாக்கியசாலி யார்?’ என்று கேட்டான். தன் பெயர் வரும் என்ற நினைப்பு. சோலோன் சொன்னதோ டெல்லஸ் என்ற ஏதென்ஸ்காரரை. அவருக்கு நல்ல பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் பிழைத்திருந்தார்கள். ஊருக்காகப் போரிட்டு மாண்டார். விழுந்த இடத்திலேயே ஊர்ச் செலவில் அடக்கம் செய்தார்கள். சரி, இரண்டாவது இடமாவது கிடைக்குமா? அதுவும் இல்லை. எருதுகள் வந்து சேராததால், தாயை வண்டியில் உட்கார வைத்துக் கோயில்வரை தாங்களே இழுத்துப்போன இரண்டு சகோதரர்களுக்கு அது போனது.

டெல்லஸின் மனநிலை அன்றாடம் எப்படி இருந்தது என்று சோலோன் பேசவே இல்லை. முழு வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்தார். கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். அப்புறம் பல நூற்றாண்டுகள் கிறிஸ்தவ ஐரோப்பா, நிறைவான இன்பம் மறுமையில்தான் என்று நம்பியது. 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் மகிழ்ச்சியைத் தேடுவதை மனித உரிமையாக எழுதியது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சியாளர் சான் ஜுஸ்ட், ‘மகிழ்ச்சி ஐரோப்பாவுக்குப் புதிய கருத்து’ என்றார். ஏழை எளியவர்களுக்கும் இந்த உலகத்திலேயே நல்வாழ்வு வேண்டும் என்று பேச வைத்த கருத்து அது. அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமையாக வந்தது, போகப்போகக் கடமையாகிவிட்டது. சந்தோஷமாக இல்லாவிட்டால் அது நம் தப்பு என்று ஆகிவிட்டது. உங்களை உறுத்துவதும் அதுதான் என்று தோன்றுகிறது.

அந்த ராத்திரிக் கேள்வியை விட்டுவிடுங்கள். களைத்த உடம்பு நல்ல பதில் தராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து, யார் எனக்குத் துணை, நான் யாருக்குத் துணை, ஆசைப்பட்டு ஆரம்பித்து எது பாதியில் நிற்கிறது என்று யோசியுங்கள். வீடு கட்டிய ஓட்டத்தில் அந்தக் கடைசி விஷயம் விடுபட்டிருக்கலாம். கணவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம்.